லூப்பர் பெடல் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிட்டார் பெடல் பற்றிக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இன்று பாட்டு கற்றுக் கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் கிட்டார் வாசிப்பவர்கள் கொஞ்ச நாளில் ஒரு லூப்பர் பெடல் வேண்டும் என்று கேட்பார்கள். அப்போது, ஏற்கனவே வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அதனால் ஒரு பெடலைக் கரியாக்கினேன். அந்த அனுபவத்திலிருந்து என் கருத்தைச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரி 5 அன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் எட் ஷீரன் பாடினார். ஏ.ஆர். ரகுமானும் மேடையேறியதால் அடுத்த நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. எனக்கு அன்று ஷிப்ட், போக முடியவில்லை. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில் நண்பனின் போனில்தான் பார்த்தேன். ஒரு கிட்டார், காலடியில் ஒரு லூப்பர், இவற்றை வைத்துக் கொண்டு தனி ஆளாக ஒரு கூட்டத்தையே பாட வைப்பதில் பெயர் பெற்றவர் அவர். அத்திப்பட்டு தாண்டுவதற்குள் நான் முடிவெடுத்து விட்டேன். கத்திவாக்கம் வருவதற்குள் ஆன்லைனில் ஆர்டரும் போட்டு விட்டேன். யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

லூப்பர் என்றால் என்ன?

நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்து, உடனே திரும்பத் திரும்ப ஒலிக்க விடும் கருவிதான் லூப்பர். காலால் ஒரு முறை அழுத்தினால் பதிவு தொடங்கும். மறுபடி அழுத்தினால் பதிவு முடிந்து, அந்தப் பகுதி சுற்றிச் சுற்றி ஒலிக்கத் தொடங்கும். மூன்றாவது முறை அழுத்தினால் அதன் மேலேயே இன்னொன்றைச் சேர்த்து வாசிக்கலாம். இதனை ஓவர்டப் என்கிறார்கள். கார்ட்ஸ் வாசித்து ஓட விட்டு, அதன் மேல் மெட்டு வாசித்துப் பழகலாம். பாடகருக்குச் சுருதிப் பெட்டி எப்படியோ, தனியாகப் பழகும் கிட்டார்காரருக்கு லூப்பர் அப்படி. ஒரு வித்தியாசம், சுருதிப் பெட்டியில் இருப்பது கம்பெனி வைத்த ஒலி. லூப்பரில் இருப்பது உங்கள் ஒலி, உங்கள் தப்பும் சேர்த்து.

இது புதிய யோசனை இல்லை. 1970-களில் ராபர்ட் ஃபிரிப் என்ற கிட்டார் கலைஞர் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே டேப்பை ஓட விட்டு இதைச் செய்தார். முதல் இயந்திரம் பதிவு செய்யும். சில விநாடி கழித்து டேப் இரண்டாவது இயந்திரத்தை அடையும்போது அது ஒலிக்கும். டேப் ஓடும் தூரம்தான் லூப்பின் நீளம். 1990-களில் இந்த வேலை சிப்புகளுக்கு மாறியது. 2001-ல் பாஸ் கம்பெனியின் ஆர்.சி-20 வந்த பிறகு லூப்பர் சாதாரணக் கிட்டார்காரர்களின் காலடிக்கும் வந்தது. 2004-ல் கே.டி. டன்ஸ்டால் என்ற ஸ்காட்லாந்துப் பாடகி, பி.பி.சி. டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஒற்றை ஆளாக ஒரு லூப்பரை வைத்துப் பாடியது பெரிய பேச்சானது.

பெடலைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரத்தை எண்களாக மாற்ற ஒரு சிப், அந்த எண்களை வைத்திருக்க மெமரி, கணக்குப் போட ஒரு பிராசஸர், எண்களை மறுபடி ஒலியாக மாற்ற இன்னொரு சிப். உங்கள் கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டும் ராமும் பிராசஸரும் செய்வது இதே வேலைதான். பெடலில் இருந்து கம்ப்யூட்டரில் இல்லாதது ஒன்றே ஒன்று. காலால் மிதிக்கும் ஸ்விட்ச்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். லூப்பர் வாங்கும்போது நீங்கள் பணம் கொடுப்பது அந்தக் கால் ஸ்விட்சுக்கு. மெமரிக்கோ, நூறு டிரம்ஸ் ஓசைகளுக்கோ, கலர் டிஸ்பிளேவுக்கோ அல்ல. இதைப் புரிந்து கொண்டால் எதை வாங்குவது, எப்போது வாங்குவது இரண்டும் தெளிவாகி விடும்.

முதல் கேள்வி: உங்கள் கிட்டாரில் ஜாக் இருக்கிறதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். நம் ஊரில் புதிதாகக் கற்றுக் கொள்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது சாதாரண அக்குஸ்டிக் கிட்டார். அதில் பிக்கப் இருக்காது. கேபிள் சொருக இடமும் இருக்காது. லூப்பர் பெடலில் மைக் கிடையாது. கேபிள் வழியாக மின்சாரமாக வந்தால்தான் அதற்குக் கேட்கும். எனவே உங்கள் கிட்டாரின் அடிப்பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். ஜாக் இல்லையென்றால் முதலில் ஒரு பிக்கப் வேண்டும். ஒலித் துளையில் மாட்டும் எளிய பிக்கப்புகள் கிடைக்கின்றன.

இரண்டாவது கேள்வி, பெடலிலிருந்து வெளியே வரும் ஒலி எங்கே போகும்? அதற்கு ஓர் ஆம்ப் வேண்டும். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சொருகலாமே என்று கேட்பீர்கள். பெரிய ஜாக்கைச் சின்ன ஜாக்காக மாற்றும் கன்வர்ட்டர் போட்டால் சத்தம் வரும். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வரும், பலவீனமாகவும் இருக்கும். ஆக பெடல், இரண்டு கேபிள், அடாப்டர், ஆம்ப், தேவைப்பட்டால் பிக்கப். விளம்பரத்தில் ஒரு விலை, வீட்டுக்கு வரும்போது வேறு விலை. ஆர்டர் போடும் முன் இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

நிமிடக் கணக்கில் மயங்காதீர்கள்

"10 நிமிடம் பதிவு", "30 நிமிடம் பதிவு", "13 மணி நேரம்" என்று பெட்டியின் மேல் போட்டிருப்பார்கள். டிஜிட்டல் கேமரா வாங்கும்போது மெகா பிக்சல் கணக்கைக் காட்டி விற்றது போலத்தான் இதுவும். உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு. நான்கு தட்டு ஒரு பார். நான்கு பார் லூப் என்றால் 16 தட்டு. 11 விநாடிக்கும் குறைவு. எட்டு பார் என்றால் 21 விநாடி சொச்சம். புளூஸ் இசையில் வரும் 12 பார் சுற்று 32 விநாடி. மெதுவான பாட்டின் முழுச் சரணத்தையே பதிவு செய்தாலும் ஒரு நிமிடம் தாண்டுவது அபூர்வம். எனவே ஐந்து நிமிடம் தரும் பெடலே உங்களுக்குத் தாராளம்.

மெமரி கணக்கையும் பாருங்கள். ஆடியோ சி.டி. தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், ஸ்டீரியோ என்பதால் இரண்டு மடங்கு. மொத்தம் 1,76,400 பைட். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் இருந்தால், அதில் பாதியை ஒதுக்கினாலே ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஒலி கொள்ளும். இன்றைக்கு மெமரி அவ்வளவு மலிவு. அதற்காகப் பெடலில் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மல்ட்டி எபெக்ட்ஸ் என்று பல ஒலிகளைத் தரும் கருவிகளில் லூப்பரையும் சேர்த்துத் தருகிறார்கள். சூம் ஜி1 ஃபோர் போன்றவற்றில் லூப் 30 விநாடிதான். மேலே சொன்ன 12 பார் சுற்றுக்கு இரண்டு விநாடி போதாது! அதற்காக அது மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன். எலெக்ட்ரிக் கிட்டார் புதிதாக வாங்கியவருக்கு ஒரே பெட்டியில் எல்லாம் கிடைப்பது நல்லதுதான். லூப் மட்டுமே உங்கள் தேவை என்றால் அது வேண்டாம்.

ஒரு மாதம் கம்ப்யூட்டரில் பழகுங்கள்

பெடல் வாங்கும் முன் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். செலவு எதுவும் இல்லை. ஜாக் இல்லாத அக்குஸ்டிக் கிட்டாரும் போதும்.

ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 2021-ல் வந்த 3.1 பதிப்பிலிருந்து இதில் லூப் வசதி நன்றாக இருக்கிறது. இயர்போன் போட்டுக் கொள்வது கட்டாயம். இல்லையென்றால் ஸ்பீக்கரில் ஒலிப்பதையும் மைக் சேர்த்துப் பதிவு செய்து விடும்.

ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்று இருக்கும். வேகம் 90, ஒரு பாருக்கு நான்கு தட்டு, எட்டு பார் என்று கொடுத்தால் தாளத் தட்டு தயார். அடுத்து ஷிப்ட் கீயுடன் ஆர் அழுத்தினால் தட்டு ஒலிக்கும். புதிய டிராக்கில் உங்கள் கிட்டார் பதிவாகும். முதல் நான்கு பார் தாளத்தைக் கேட்டுக் கொண்டு, அடுத்த நான்கு பார் கார்ட்ஸ் வாசியுங்கள். பிறகு அந்த நான்கு பாரை மவுசால் தேர்ந்தெடுங்கள். டிரான்ஸ்போர்ட் மெனுவில் லூப்பிங் என்ற பகுதியில், தேர்ந்தெடுத்த இடத்தை லூப்பாக்கும் கட்டளை இருக்கும். அதைக் கொடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உங்கள் கார்ட்ஸ் சுற்றத் தொடங்கும். அதன் மேல் மெட்டு வாசித்துப் பழகலாம்.

இரண்டு சிக்கல்கள் வரலாம். ஒன்று, கிட்டார் ஒலி வந்து வந்து மறையும். லேப்டாப்பில் பேச்சுக்காக வைத்திருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி, உங்கள் கிட்டாரையே இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது என்று பொருள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்கின் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் வசதியை ஆஃப் செய்யுங்கள். இரண்டு, பதிவான கிட்டார் தாளத்தோடு ஒட்டாமல் முன்னே பின்னே விழும். ஆடாசிட்டி தாமதத்தைச் சரிக்கட்ட மைனஸ் 130 மில்லி செகண்ட் என்று முதலிலேயே வைத்திருக்கும். பிரிபரன்சஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற இடத்தில் இந்த எண்ணை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றலாம்.

இந்தத் தாமதத்தை, அதாவது லேட்டன்சியை, கொஞ்சம் புரிந்து கொள்வது நல்லது. கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்குவதில்லை. குடம் குடமாக வாங்குகிறது. ஒரு குடம் 512 மாதிரி என்றால், அது நிரம்பவே 11.6 மில்லி செகண்ட் ஆகும். 128 மாதிரி என்றால் 2.9 மில்லி செகண்ட். உள்ளே போக ஒரு குடம், வெளியே வர ஒரு குடம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆக 10 மில்லி செகண்ட் தாமதம் என்றால், ஆம்ப் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது போல. அது பழகி விடும். சாதாரண டிரைவரில் இதைப் போலப் பல மடங்கு தாமதம் வரும்போது வாசிக்கவே முடியாது. அக்குஸ்டிக் கிட்டாரில் உங்கள் கிட்டார் ஒலியை நேரடியாகக் காதாலேயே கேட்கிறீர்கள் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் அதை லேப்டாப்பின் மைக் ஜாக்கில் நேராகச் சொருக வேண்டாம். அது மைக்குக்காகச் செய்தது. கிட்டார் பிக்கப்புக்குப் பொருந்தாது. ஒலி மந்தமாகி விடும். கிட்டார் சொருகும் இடம் கொண்ட யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வேண்டும். பெரிங்கர் யு.எம்.2 போன்ற எளியவை போதும். விண்டோஸில் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை, ஏசியோ வசதி உள்ள சாப்ட்வேர்களோடு பயன்படுத்தினால் தாமதம் நன்றாகக் குறையும். மோபியஸ் என்ற இலவச லூப்பர் சாப்ட்வேரில் கீபோர்டு கீயையே பதிவு ஸ்விட்சாக வைத்துக் கொள்ளலாம்.

அந்த ஒரு மாதத்தில் என்ன தெரியும்?

நான் ஆர்டர் போட்டது ஆறு ஸ்விட்ச் கொண்ட பெரிய பெடல். வந்தபோது பெட்டியில் அடாப்டர் இல்லை. வீட்டில் பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டர் கிடந்தது. முனை சரியாகப் பொருந்தியது. சொருகினேன். ஒரு நொடி விளக்கு எரிந்தது. பிறகு எரியவே இல்லை. கருகிய வாசனை மட்டும் வந்தது. நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் செய்த வேலை இது. என் நண்பன் கேட்டான், "இன்னா மச்சி, அதுல பிளஸ் மைனஸ் பார்க்க மாட்டியா?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை.

கையில் பணம் இல்லாததால்தான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். முதல் வாரத்திலேயே ஓர் உண்மை தெரிந்தது. எனக்குத் தாளம் நிற்கவில்லை. நான்கு பார் முடியும்போது ஒவ்வொரு முறையும் சற்று அவசரப்பட்டேன். நண்பர்களோடு வாசிக்கும்போது இது தெரியாது. ஒருவன் ஓடினால் மற்றவர்கள் சேர்ந்து ஓடி விடுவார்கள். லூப் அப்படி விட்டுக் கொடுக்காது. நீங்கள் அரைத் தட்டு முன்னால் முடித்தால் அந்தத் தப்பையே ஐம்பது முறை திருப்பிச் சொல்லும். அன்றைக்கு அந்த ஆறு ஸ்விட்ச் பெடல் கருகாமல் இருந்திருந்தாலும், அது என் தாளத்தைச் சரி செய்திருக்காது.

இந்த ஒரு மாதம் இன்னொன்றையும் சொல்லி விடும். உங்களுக்கு லூப் பிடிக்கிறதா, அல்லது மேடையில் பார்த்த மயக்கமா என்பதை. பத்து நாளில் சலித்து விட்டால் பெடல் பணம் மிச்சம். சலிக்காமல், ஒவ்வொரு முறையும் கிட்டாரை விட்டுக் கையெடுத்து மவுசைத் தேடுவது எரிச்சலாக இருந்தால், அப்போது பெடல் வாங்க நேரம் வந்து விட்டது என்று அர்த்தம். அந்த எரிச்சலைத் தீர்ப்பதற்குத்தான் கால் ஸ்விட்ச்.

எதை வாங்குவது?

என் கருத்தில், புதியவர்களுக்கு ஒரே ஸ்விட்ச் கொண்ட எளிய பெடல்தான் சரி. டி.சி. எலக்ட்ரானிக் கம்பெனியின் டிட்டோ இந்த வகையில் பெயர் பெற்றது. ஒரு திருகு, ஒரு ஸ்விட்ச், ஐந்து நிமிடம் பதிவு. பாஸ் ஆர்.சி-1 இன்னொன்று. 12 நிமிடம் ஸ்டீரியோ, லூப் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று வட்டமான விளக்குகள் காட்டும், பேட்டரியிலும் ஓடும். இவற்றுக்கும் கீழே, பல மடங்கு மலிவாக இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறைந்த விலையில், டோனர், மூயர் போன்ற சீனக் கம்பெனிகளின் குட்டிப் பெடல்கள் இருக்கின்றன. வீட்டில் பழக இவை போதும் என்பேன். ஆனால் ஸ்விட்சை முப்பது நாற்பது முறை மிதித்துப் பார்த்து வாங்குங்கள். அழுத்திய அதே கணத்தில் பதிவு தொடங்குகிறதா, சுற்று முடியும் இடத்தில் "டிக்" என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

ஒற்றை ஸ்விட்சில் ஒரு குறை உண்டு. நிறுத்த வேண்டுமானால் வேகமாக இரண்டு முறை மிதிக்க வேண்டும். புதியவர்களுக்கு இது தடுமாறும். ஆர்.சி-1-ல் தனியாக ஒரு நிறுத்தும் ஸ்விட்சைப் பின்னால் இணைத்துக் கொள்ளலாம். பின்னாளில் மேடை ஏறினால் அது கை கொடுக்கும்.

பதிவு செய்த லூப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டுமா என்றும் யோசியுங்கள். யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள். டிட்டோவில் இருக்கும் துளை, பெடலின் உள் சாப்ட்வேரைப் புதுப்பிக்க மட்டும்தான். ஆர்.சி-1-ல் துளையே இல்லை. பாஸ் ஆர்.சி-5-ல் 99 லூப்புகளைச் சேமிக்கலாம்; வேவ் பைலாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றவும் செய்யலாம். விலையும் அதற்கேற்ப அதிகம். ஒரே லூப் போதும் என்பவருக்கு அது தேவையில்லை.

முடிந்தால் கிட்டாரோடு கடைக்கே போங்கள். அண்ணாசாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. போகும் முன் அந்த மாடல் இருக்கிறதா என்று போனில் கேட்டு விடுங்கள். பழைய பெடல் வாங்குவதும் தவறில்லை. இரும்புப் பெட்டி, சீக்கிரம் உடையாது. ஜாக்கில் கேபிளை ஆட்டினால் கரகரப்பு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இ.எம்.ஐ. போட்டு வாங்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். ஆர்வம் மூன்றாம் மாதம் போய் விடலாம், தவணை போகாது.

அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி. வேண்டும். ஆனால் முனையின் நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். அடாப்டரின் மேல் சிறிய வட்டப் படம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸ் குறியைத் தொட வேண்டும். வோல்ட் சரியாக இருக்க வேண்டும். மில்லி ஆம்பியர் எண், பெடல் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். அங்கே வாங்கினாலும் மல்ட்டிமீட்டரில் முனையைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்காததால் ஒரு பெடலை இழந்தேன்.

கடைசியாக ஒன்று

எங்கள் கூட்டம் நான்கு பேர். ஒருவனுக்கு அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஒருவனுக்குக் காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் கணக்கு, ஒருவனுக்குக் கடையில் வேலை, எனக்கு ஐ.டி. நான்கு ஷிப்ட். நால்வரும் ஒன்றாக உட்காரும் நாள் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு மட்டும் எப்படியாவது சேர்ந்து விடுவோம். 2025-ல் ரிதம் கிட்டார் வாசிக்கும் நண்பனுக்கு ஓமனில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தைய ஞாயிறு, எங்கள் வீட்டில் உட்கார்ந்து எட்டுப் பாட்டுகளுக்குக் கார்ட்ஸ் வாசித்தான். ஆடாசிட்டியில் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் வேவ் பைலாக ஒரு போல்டரில் போட்டு வைத்தேன். இன்னொரு பிரதி பென் டிரைவில்.

அந்த டிசம்பரில் நாங்கள் மூவரும் ஷிப்டுக்கு ஏற்றபடி தனித்தனியாக அவன் கார்ட்ஸோடு பழகினோம். மூன்றாவது பாட்டில் நடுவே வேகம் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த இடத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பினேன். "இது நான் இல்ல மச்சி, உன் கம்ப்யூட்டர்" என்றான். அடுத்த வாரம் தன் அறையிலிருந்து போனில் சரியாக வாசித்து அனுப்பி வைத்தான். ரவுண்ட்ஸ் அன்று அவன் இடம் காலிதான். அதை எந்தப் பெடலும் நிரப்பாது. ஆனால் பாட்டு நிற்கவில்லை.

இப்போது என்னிடம் ஒற்றை ஸ்விட்ச் பெடல் ஒன்று இருக்கிறது. தினமும் மிதிக்கிறேன். அதில் ஒரு லூப்தான் இருக்கும். புதிது வந்தால் பழையது அழிந்து விடும். அந்த எட்டுப் பாட்டுகள் இருப்பது என் கம்ப்யூட்டரில். எனவே பெடல் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எளியதாக வாங்குங்கள், நிதானமாக வாங்குங்கள். அதற்கு முன் இன்று மாலையே இயர்போனை எடுத்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, நான்கு பார் வாசித்துப் பாருங்கள். தாளம் ஓடினால் கவலைப்படாதீர்கள். எல்லோருக்கும் முதலில் ஓடத்தான் செய்யும்.